விளக்கு வைக்கிற நேரம்

2025 ஜூன் 9, திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் இந்தச் சனிக்கிழமை நள்ளிரவோடு முடிகிறது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். வருஷா வருஷம் தேதி அதேதான், கிழமை மட்டும் மாறும். இந்த வருஷம் சனிக்கிழமையில் வந்து நிற்கிறது.

ராத்திரி சாப்பிடும்போது மாமா சொன்னார்: "சனிக்கிழம ராத்திரி பன்னெண்டு மணிக்கு லாஞ்ச் எடுத்துறணும்." அதற்குப் பிறகு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தை பேசாமல் குழம்பு ஊற்றினார். தொழிலுக்குக் கிளம்புகிற அன்று காசிமேட்டு வீடுகளில் என்னென்ன வேலை இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். லாஞ்சில் போகிறவர்கள் அத்தனை பேருக்கும் காலையிலிருந்து சாப்பாடு. கட்டிக் கொடுக்கப் புளிசாதம், இறால் தொக்கு, வறுத்த கருவாடு. மத்தியானம் வீடு கழுவிப் படையல். சாயந்திரம் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள், அவர்களுக்குக் காபி, பலகாரம். மருமகள் அடுப்படியை விட்டு நகர முடியாத நாள்.

எனக்கு அது ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறையும்வரை நான் சமைப்பதில்லை, துவைப்பதில்லை, கடை கண்ணிக்குப் போவதில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் பிறந்து வளர்ந்தவள் நான். விரும்பிக் கட்டிக்கொண்டது அம்மனைக் கும்பிடுகிற கடல்தொழில் குடும்பத்தில். சபைக்குப் போகாதே என்று இங்கே யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "எங்க மருமவ சனிக்கிழம சாமி கும்புட்ற பொண்ணு" என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சாதாரணச் சனிக்கிழமைகள் ஒருவழியாக ஓடிவிடுகின்றன. இந்தச் சனிக்கிழமை அப்படி ஓடாது.

இரண்டு மாதமாக வருமானம் இல்லை. அரசு கொடுத்த 8,000 ரூபாய் நிவாரணம் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவோடு சரி. எஞ்சின் வேலை, பெயின்ட், புது வலை எல்லாம் கடன். முதல் தடவை போய் வருவது நன்றாக அமைந்தால்தான் வட்டி கட்ட முடியும். அந்த ராத்திரி இந்த வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்கும் தெரியும். கடலுக்குப் போகிறவர் என் வீட்டுக்காரர்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா போன பிறகு அம்மா பிரகாசபுரத்துக்கே திரும்பிவிட்டார். நாசரேத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சொந்த ஊர். விஷயத்தைச் சொன்னதும், "பாட்டி காலத்துல இருந்தே இதுதான நம்ம பாடு" என்றார்.

பாட்டி பிறந்தது நாட்டார் சபையில். நாசரேத்தில் மிஷனரியோடு முறித்துக்கொண்டு வெளியே வந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857இல் தொடங்கிய சபை அது. வெள்ளைக்காரப் பணம் வேண்டாம், வெள்ளைக்கார வழக்கமும் வேண்டாம் என்று தனியாக நின்றார்கள். வேதத்தைத் தாங்களே வாசித்து, ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக எடுத்துக்கொண்டார்கள். அட்வென்டிஸ்ட் புத்தகம் விற்க வில்லியம் லென்கரும் ஸ்ட்ரூப்பும் சென்னையில் வந்து இறங்கியது 1893இல். அட்வென்டிஸ்ட் மிஷனரி ஜே. எஸ். ஜேம்ஸ் பிரகாசபுரத்துக்கு வந்து சேர்ந்தது 1908இல். அவர் வரும்போது ஊரில் ஏற்கெனவே சனிக்கிழமை ஓய்வு இருந்தது. எங்கள் சனிக்கிழமை அமெரிக்காவிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. பனங்காட்டு மனிதர்கள் தாங்களே வாசித்துத் தேடிக்கொண்டது அது.

அப்பா அங்கிருந்து வேலை தேடித் திருவொற்றியூருக்கு வந்தார். தொழிற்சாலையில் ஞாயிறு விடுமுறை. சேர்ந்த புதிதில் சனிக்கிழமை போகவில்லை என்று சம்பளம் பிடித்தார்கள், மெமோ கொடுத்தார்கள். அப்பா தொழிற்சங்கத்துக்காரர், சட்டம் படித்தார். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு வார விடுமுறையைப் பற்றியது. வாரத்தின் முதல் நாளான ஞாயிறு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் அதற்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு நாள் விட வேண்டும். சனிக்கிழமை அந்த மூன்று நாளுக்குள்தானே வருகிறது என்று மனு எழுதிப் போட்டார். நடையாய் நடந்தார். கடைசியில் ஞாயிறு வேலை, சனி விடுமுறை என்று மாற்றிக் கொடுத்தார்கள். பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய 1918 ஏப்ரல் 27ஆம் தேதியும் ஒரு சனிக்கிழமைதான் என்று அப்பா அடிக்கடி சொல்வார். ஆலைத் தொழிலாளிகளுக்கு அன்றைக்கு இருந்த பெரிய குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. ஓய்வு என்பது கேட்டு வாங்க வேண்டிய ஒன்று என்பதை அப்பாவிடம் கற்றேன்.

அப்பாவுக்கு 52ஆம் பிரிவு இருந்தது. அம்மாவுக்கு எந்தப் பிரிவும் இல்லை. வியாழக்கிழமை ராத்திரியே துணி ஊறவைப்பார். வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் மாவாட்டி, இரண்டு நாள் குழம்பு வைத்து, ஐந்து பேருக்குத் துணி தேய்த்து, தரை துடைத்து, எங்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, சூரியன் மறையும்போது பாட்டுப்புத்தகத்தோடு வந்து உட்காருவார். மறுநாள் பிரசங்கத்தில் தூங்கி விழுவார். ஒரு முறை சபை மூப்பர் அப்பாவைக் கூப்பிட்டு, "அக்கா தேவனுடைய வார்த்தை நேரத்துல தூங்குறாங்க, சொல்லி வையுங்க" என்றார். அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும், அந்த மௌனம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஏழு நாள் வேலையை ஆறு நாளில் அடைத்து முடித்த பெண் உட்கார இடம் கிடைத்ததும் தூங்குகிறாள். ஓய்வுநாளை அந்தச் சபையில் உண்மையில் ஆசரித்தது அவர் ஒருவர்தான்.

இதை இன்று போனில் சொன்னேன். "போடி" என்றார்.

ஜூன் 11, புதன்

பெரியவளுக்குச் சனிக்கிழமை வேதியியல் டெஸ்ட் வைத்திருக்கிறார்கள். பிளஸ் டூ தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. போதகரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நல்ல மனுஷி. பொதுத்தேர்வோ வேலைக்கான தேர்வோ சனிக்கிழமை விழுந்தால் கடிதம் செல்லாது என்று மகளுக்கும் தெரியும். அதை இன்றைக்கு நாங்கள் பேசவில்லை.

சாமான் பட்டியல் போட்டேன். புளி, நல்லெண்ணெய், காய்ந்த மிளகாய், வெந்தயம், கடலைப்பருப்பு, பெருங்காயம். அத்தை பார்த்துவிட்டு, "இது எப்போ செய்யப் போற?" என்றார். வெள்ளிக்கிழமை என்றேன். "சோறு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

மத்தியானத்திலிருந்து டிவியில் அகமதாபாத் விமான விபத்து. பார்க்க முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. அத்தை சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தார். வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பப் போகும்போது இப்படி ஒரு செய்தி.

பிள்ளைகள் தூங்கிய பிறகு மொட்டைமாடியில் அவரோடு பேசினேன். அவர் கோபப்படவில்லை. "நீ சபைக்குப் போ. நான் வேணாம்னு சொல்லல. ஆனா நீ செய்யலன்னா அம்மாதான் செய்யும். முட்டி வலில அண்டாவ யாரு தூக்குறது?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். இதை நான் பல நாளாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். யாத்திராகமம் 20இல் நாலாம் கற்பனையை எத்தனையோ தடவை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். யார் யார் அன்று வேலை செய்யக் கூடாது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன்கள், உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியன். மிருகஜீவன்வரை வருகிறது, மனைவி வரவில்லை. சபையில் கேட்டால், 'நீ' என்பதிலேயே கணவனும் மனைவியும் அடக்கம் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். அப்படியானால் அதன் பொறுப்பும் இருவருக்கும் பொது. அடுத்தவர் வேலையை நிறுத்தி ஓயவைப்பதும் என்னோடு சேர்த்து அவர் கடமை. வேலைக்காரியும் அந்நியனும் ஓய வேண்டிய நாளில், மூட்டு வலிக்கிற மாமியாரை என் இடத்தில் நிறுத்திவிட்டு நான் பாட்டுப் பாடப் போனால் அந்தக் கற்பனையை நான் எங்கே கைக்கொண்டேன்? உபாகமம் 5 இதே கற்பனைக்குச் சொல்லும் காரணம் எகிப்தின் அடிமைத்தனம். அடிமையாக இருந்தவர்கள் இன்னொருவரை அப்படி வைக்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது.

"நீ உன் சாமிகிட்ட போ, நான் பாத்துக்குறேன்" என்று அத்தை சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவர் அன்பாகத்தான் சொல்கிறார், அதனால்தான் கனக்கிறது.

கடைசியில் அவரிடம் கேட்டேன்: "கடல்ல பத்து நாள், பதினஞ்சு நாள் இருக்கீங்களே, அங்க யாரு சமைக்கிறா?"

"பசங்கதான். ஆளுக்கு ஆள் மாத்தி. நானும் ஆக்குவேன்."

"அண்டா சோறா?"

"பின்ன?"

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அலை ஆடுகிற லாஞ்சில் நின்று இத்தனை பேருக்குச் சோறு வடிக்கத் தெரிந்த ஆண்கள் இவர்கள். கரை ஏறியதும் அவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கத் தெரியாது என்று நாங்களும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

"சரி. சோறு லாஞ்சுலயே வடிச்சிக்குறோம்" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

சூரியன் மறைவு 6.35. சபைக் காலண்டரைப் பார்த்துச் சமையலறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். கார்த்திகையில் 5.40க்கே மறைந்துவிடும், வெள்ளிக்கிழமை மூச்சு முட்டும். ஆனி நெருங்கும்போது ஓய்வுநாள் தள்ளி வருகிறது, நமக்கு ஒரு மணி நேரம் கொசுறு.

நாலு மணிக்கு எழுந்தேன். புளியை முதல் நாளே ஊறப்போட்டிருந்தேன். கரைத்து வடிகட்டி, பெரிய இரும்புச்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய் தாளித்து, புளிக்கரைசலை ஊற்றிக் காய்ச்சினேன். அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் ஓரமாகப் பிரிந்து மேலே மிதந்து, கரண்டியில் எடுத்தால் சொட்டாமல் நிற்கிற பதம் வரும்வரை விடக் கூடாது. அப்புறம் வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும். இந்தப் பதத்தில் இறக்கினால் நாலு நாள் கடலில் கெடாது. சூடு சோற்றில் போட்டுப் பிரட்டினால் போதும்.

அடுத்தது இறால். லேவியராகமம் 11இல் செதிலும் துடுப்பும் உள்ளதைத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறது, ஆகவே இறால், நண்டு, கடம்பா, சுறா எதுவும் நான் தொட்டு வாயில் வைப்பதில்லை. பெரியவள் பிறந்தபோது பால் ஊறும் என்று அத்தை சுறாப்புட்டு செய்து வைத்துக்கொண்டு கெஞ்சியது நினைவுக்கு வருகிறது. நான் சாப்பிடுவதில்லையே தவிர உரிப்பேன், சமைப்பேன். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை உருவி, மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசி... பக்கத்தில் உட்கார்ந்து அவரும் இரண்டு பசங்களும் சின்ன வெங்காயம் உரித்தார்கள். லாஞ்சில் வேலை செய்கிற பசங்கள், என்னைவிட வேகமாக உரிக்கிறார்கள். அத்தை வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடா இது கூத்து" என்றார். போகவில்லை, அங்கேயே உட்கார்ந்து பூண்டை எடுத்துக்கொண்டார்.

எங்களுக்கு ஓய்வுநாள் சாப்பாடு தனி. மண்சட்டியில் சங்கரா மீன் குழம்பு. வெள்ளிக்கிழமை வைத்த மீன் குழம்பு சனிக்கிழமைதான் ருசி, புளியும் காரமும் மீனுக்குள் இறங்கியிருக்கும். அடுப்பு மூட்டாத நாளுக்குக் கடற்கரைச் சமையல் இப்படி ஒரு வழியைத் தானாகவே வைத்திருக்கிறது. வனாந்தரத்தில் ஆறாம் நாள் இரண்டு மடங்கு மன்னா விழுந்ததைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தச் சட்டிதான் கண்ணில் வரும்.

மத்தியானம் துணி தேய்த்தேன். மெட்ரோ கார்டில் பணம் ஏற்றினேன், தண்டையார்பேட்டையில் ஏறும்போது நாளைக்கு டிக்கெட் வாங்கக் கூடாது. காணிக்கைக் கவர், பிள்ளைகளின் பாடப் புத்தகம், எல்லாம் பையில். சின்னவன் செருப்பைக் காணோம் என்று ஆறு மணிக்கு ஒரு ரகளை.

அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றுவார். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் பெருக்கக் கூடாது, சண்டை கூடாது, யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய ஆறுதல் இதுதான். நான் வேலையை நிறுத்துகிற அதே நேரத்தில் அவரும் நிறுத்திக் கைகூப்பி நிற்கிறார். யூதப் பெண்களும் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் வீட்டில் விளக்கேற்றித்தான் ஓய்வுநாளைத் தொடங்குகிறார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெரு. பதினேழாம் நூற்றாண்டில் பவளம் கொண்டுவந்து வைரம் வாங்கிப் போன யூத வியாபாரிகள் இருந்த இடம். அவர்கள் வீட்டுப் பெண்கள் இந்தத் துறைமுகக் காற்றில் திரியைக் கையால் மறைத்து ஏற்றியிருப்பார்கள்.

6.35. அத்தை அறையில் விளக்கு. என் அறையில் ஜெபம். நடுவில் கூடத்தில் ஏலக்கூச்சல் மாதிரி மாமாவின் போன் பேச்சு. டீசல் வந்துவிட்டதாம்.

ஜூன் 14, சனி (இரவு, சூரியன் மறைந்த பிறகு எழுதுவது)

காலை ஐந்தரைக்குத் தண்ணி வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை, இன்றைக்கு எங்கள் முறை. விட்டால் திங்கட்கிழமைதான். வீட்டில் இத்தனை பேர். எழுந்து போய் அடிபம்பில் அடித்து எல்லாக் குடத்தையும் நிரப்பினேன். ஓய்வுநாளில் துரவில் விழுந்த மாட்டைத் தூக்காமல் விடுவீர்களா என்று ஆண்டவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்குத் தண்ணீர் அதற்குக் குறைந்ததில்லை. ஓய்வுநாளை வெறும் தடைப் பட்டியலாக்குகிறவர்கள் அடிபம்பு இல்லாத வீட்டில் குடியிருக்கிறார்கள் என்பது என் தீர்மானம்.

ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை. பிரசங்கம் முடிந்து ஜெபத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்னேன். சபைச் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை, பிள்ளைகளோடு வீடு வந்தேன்.

வீட்டில் நான் பயந்த எதுவும் இல்லை. சோறு லாஞ்சிலேயே வெந்தது. அவர் முண்டாசு கட்டிக்கொண்டு வடித்தார் என்று சின்னவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். மத்தியானம் அத்தை படையல் போட்டார். அதில் எனக்குப் பங்கு இல்லை, அது அவருடைய வழிபாடு, அவர் விரும்பிச் செய்வது. தேங்காய் உடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் பாயில் படுத்தார். நான் அவருக்கு முட்டியில் தைலம் தேய்த்தேன். இருவரும் தூங்கிவிட்டோம். தொழிலுக்குக் கிளம்புகிற நாளில் அத்தை பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சோறு வடித்த பசங்களும் என் வாசலுக்குள் இருக்கிறவர்கள்தானே, அவர்கள் வேலைதானே செய்தார்கள் என்று மனது கேட்கிறது. அவர்கள் இந்த நாளை ஆசரிப்பவர்கள் இல்லை, எனக்காகச் செய்யாவிட்டாலும் தங்கள் வயிற்றுக்குச் செய்திருப்பார்கள். ஆனாலும் கேள்வி கேள்விதான். அத்தையின் முதுகிலிருந்து பாரம் இறங்கியது, அதுவரை நிச்சயம்.

சூரியன் மறைந்ததும் பிள்ளைகளோடு ஜெபித்து ஓய்வுநாளை முடித்தேன். ஏழு மணிக்கு அடுப்பு மூட்டினேன். வந்தவர்களுக்கெல்லாம் காபி, கேசரி, பஜ்ஜி. கால் வலிக்கிறது, வருத்தம் இல்லை. இதோ கிளம்புகிறோம். துறைமுகத்துக்குப் போய் வழியனுப்ப வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

நள்ளிரவில் ஹாரன் சத்தத்தோடு வரிசையாக எல்லா லாஞ்சும் வெளியேறின. அவர் கை காட்டினார். அத்தை இருட்டைப் பார்த்து ரொம்ப நேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா கூடையோடு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் ஊரே மீன் வாங்க வரும், விடியலுக்கு முன்னால் ஏலத்தில் நின்றால்தான் அன்றைய பிழைப்பு. ராயபுரத்தில் புனித ராயப்பர் ஆலயத்தை 1829இல் எழுப்பியவர்களே படகுக்காரர்கள்தான். ஆனால் அந்தக் கரையின் பெண்களுக்கு ஞாயிறு காலைப் பூசை எட்டாக்கனி. சனிக்கிழமை சாயந்திரப் பூசையைப் பார்த்தாலே ஞாயிறு கடன் தீரும் என்று 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் 1248ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. பூசைக்கு வழி வந்தது. ஓய்வுக்கு? "ஞாயித்துக்கிழம வியாபாரம் முடிஞ்சி வந்து, வூட்ல எல்லாருக்கும் பிரியாணி செய்யணும்" என்கிறார் அக்கா. மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் அக்காவுக்கு இரண்டு வேலை. சனியா ஞாயிறா என்று எங்கள் சபையும் அவர்கள் சபையும் வாதாடிய நேரத்தில், எந்தக் கிழமையானாலும் சட்டி கழுவுவது யார் என்று இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

லாஞ்சிலிருந்து வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. எல்லோரும் நலம். மீன் பரவாயில்லையாம்.

28ஆம் தேதி இந்தக் காலாண்டின் பதின்மூன்றாம் ஓய்வுநாள். மத்தியானக் கூட்டத்தில் 'குடும்பமும் ஓய்வுநாளும்' என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் என்றார்கள். ஆண்களும் இருந்தால்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன், போதகர் ஒத்துக்கொண்டார். பேச வேண்டியதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

சகோதரர்களே, நம் வீடுகளில் ஓய்வுநாளின் விலையை வெள்ளிக்கிழமை ஒரு பெண் தனியாகக் கட்டுகிறாள். அவள் ஆராதனையில் தூங்கினால் எழுப்பாதீர்கள். ஷிப்டு முடிந்து வெள்ளிக்கிழமை நேரத்தோடு வர முடியாதவர்கள் வியாழக்கிழமை ராத்திரி துணியைத் துவைத்துப் போடுங்கள், புளியை ஊறவையுங்கள். உங்கள் மருமகள் வேறு விசுவாசத்துக்காரியானால், அவள் தலையில் உங்கள் சனிக்கிழமையை ஏற்றாதீர்கள். நம் பெண் வேறு வீட்டில் வாழ்ந்தால், மாமியாரை எதிரியாக்கிவிட்டுச் சபைக்கு வா என்று அவளுக்குப் புத்தி சொல்லாதீர்கள், அந்த வீட்டு ஆண்களிடம் போய்ப் பேசுங்கள். சபைச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் பின்கட்டில் அண்டா தேய்க்க, ஆண்கள் முன்னால் உட்கார்ந்து ஓய்வுநாளின் ஆசீர்வாதத்தைப் பற்றிப் பேசுவது இன்றோடு நிற்கட்டும். பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றி அப்படியே வையுங்கள். சூரியன் மறைந்த பிறகு நீங்கள் வந்து கழுவுங்கள்.